பனிச்சறுக்கு நடையும் பாதையுரிமையும்

பனி பெய்யாத யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பனிச்சறுக்கு நடையைப் பற்றி ஆராய்வது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் நோர்வேக்கும் குடாநாட்டுக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. 1956 இல் அந்தோனி இராஜேந்திரம் அந்நாட்டுக்குச் சென்றமையும், 1960களில் காரைநகரில் சீநோர் மீன்பிடி நிறுவனம் தோன்றியமையும், 1983 இன் பின்னர் ஏற்பட்ட பெருந்தொகையான புலப்பெயர்வும் அத்தொடர்பின் படிநிலைகளாகும். அங்கு வளரும் நம்மவர் பிள்ளைகள் இளமையிலேயே சறுக்குப்பலகையில் நடக்கப் பழகுகின்றனர்; பெற்றோரோ நடுவயதிலே தொடங்குகின்றனர். இவ்வேறுபாட்டின் சமூக அடிப்படை யாதென்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

இந்நடை தோற்றத்தில் விளையாட்டன்று, உழைப்பின் கருவியாகும். சுவீடனில் கண்டெடுக்கப்பட்ட சறுக்குப்பலகையொன்று ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழைமை உடையது. வேட்டையாடுவோரும் விறகு கொணர்வோரும் கையாண்ட இக்கருவி, 1888 இல் நான்சன் கிரீன்லாந்தின் பனிவெளியைக் கடந்ததன் பின்னர், சுவீடனுடனான ஒன்றியத்திலிருந்து விடுபட விழைந்த நோர்வேயின் தேசியச் சின்னமாயிற்று.

சறுக்கு நடையில் காலணியின் முன்பகுதி மாத்திரமே பலகையிற் பொருத்தப்படும். குதிகால் உயர்ந்து தாழும். மரபுமுறை நடையில், பலகையின் நடுப்பகுதியிற் பூசிய மெழுகு, உடற்பாரம் அழுந்தும்போது பனிப்படிகங்களைப் பற்றிக்கொள்கின்றது. பாரம் குறைந்ததும் பலகை வழுக்கிச் செல்கின்றது. காட்டுப் பாதைகளில் இயந்திரங் கொண்டு இரு சமாந்தரத் தடங்கள் பதிக்கப்படுகின்றன. நீளம், ஏற்றம், சரிவு ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டு பாதைகள் நான்கு நிறங்களால் தரப்படுத்தப்படுகின்றன. பச்சை, தொடங்குவோர்க்குரிய எளிய பாதை. நீலத்திற்கு ஓரளவு பயிற்சி வேண்டும். ஏற்றத்தில் பலகைகளின் முன்முனைகளை அகற்றி, பனியில் மீன்முள் போன்ற சுவடு விழ ஏறவும், இறக்கத்தில் முன்முனைகளை நெருக்கி வேகந் தணிக்கவும் அறிந்தோர் சிவப்புப் பாதையை நாடலாம். கறுப்பு, நன்கு தேர்ந்தோர்க்கு உரியது.

நிறம் பாதையைத் தரப்படுத்துகின்றதேயன்றி மனிதரை அன்று. திறன் பிறப்பால் வருவதெனக் கொள்வது கருத்துமுதல்வாத மயக்கமாகும். அது ஓய்வுநேரம், கருவி, பயிற்சி ஆகியவற்றின் விளைவு. இதனை உணர்ந்தமையாலேயே நோர்வேத் தொழிலாளர் 1924 இல் தமக்கெனத் தனி விளையாட்டுச் சம்மேளனத்தை நிறுவினர்; அது 1946 வரை தனித்து இயங்கிற்று. 1957 ஆம் ஆண்டின் வெளிப்புற வாழ்வுச் சட்டமோ, காட்டு நிலம் எவருக்குச் சொந்தமாயினும் அதனூடே நடக்கும் உரிமையை யாவர்க்கும் உறுதிசெய்தது. ஏப்ரல் இறுதியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரையான காலம் நீங்கலாக, பனி மூடிய விளைநிலத்தினூடேயும் செல்லலாம். வீட்டு வளவுகள் விலக்கு. 1883 இல் தோன்றிய ஒஸ்லோவின் சறுக்கு நடைச் சங்கம் அந்நகரைச் சூழ்ந்த காடுகளில் 2,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதைகளைப் பேணி வருகின்றது.

எனினும் சட்டம் வழங்கும் உரிமை வேறு, அதனைத் துய்க்கும் வாய்ப்பு வேறு. 1980களில் வடபுல மீன் பதனிடும் ஆலைகளில் உழைத்த நம்மவர்க்குப் பாதை திறந்தே கிடந்தது. ஓய்வுநேரம் தானாகத் திறந்துவிடவில்லை.

இவ்விடத்து நம் மண்ணையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கதிகால் வேலிகளுக்கிடையே வளைந்து செல்லும் நம் ஒழுங்கைகளும் ஒருகாலத்தில் நடப்போரைத் தரப்படுத்தின. அத்தரம் கால்களின் வலிமையைப் பற்றியதன்று, சாதியைப் பற்றியது. தெருவிலும் கிணற்றடியிலும் தேநீர்க்கடையிலும் மறுக்கப்பட்ட உரிமைக்கான போராட்டமே 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலை எட்டியது. எனவே, ஒரு பாதை எத்துணைக் கடினமானது என்னும் வினாவுக்கு முன்னர், அதில் நடக்க யாருக்கு உரிமை உண்டு, யாருக்கு நேரம் உண்டு என்னும் வினாக்களை எழுப்புதல் வேண்டும். அவற்றிற்கு விடை கண்ட சமூகத்திலேயே பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்பன பாதைகளின் பெயர்களாக மட்டும் நிற்கும்.