கோல்கீப்பரை உருவாக்கும் காலமும் களமும்

ஹாக்கி அணியின் பதினொரு பேரில் எல்லோரையும் விடத் தாமதமாகப் பக்குவமடைபவர் கோல்கீப்பர்தான் என்பதும், அந்தப் பக்குவம் வெறும் பயிற்சியால் வராமல், தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டங்களில் நின்று பழகுவதாலேயே வருகிறது என்பதும், நம் நாட்டுத் தரை ஹாக்கிக்கும் வட அமெரிக்காவில் கோலோச்சும் ஐஸ் ஹாக்கிக்கும் ஒருசேரப் பொருந்தும். 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஆண்கள் இளையோர் உலகக் கோப்பை, அதாவது 21 வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டி, இதைத் தமிழ்நாட்டு ரசிகர்கள் நேரில் காண வாய்ப்பளித்தது. முதன்முறையாக 24 அணிகள் பங்கேற்ற அப்போட்டியின் காலிறுதியில் இந்தியாவும் பெல்ஜியமும் 2-2 எனச் சமநிலையில் முடிக்க, ஆட்டத்தின் முடிவு ஷூட் அவுட்டுக்குப் போனது. 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தை எடுத்துவரும் ஒரே ஒரு வீரரைக் கோல்கீப்பர் தன்னந்தனியாக எட்டு நொடிகள் எதிர்கொள்ளும் முறைக்குத்தான் ஷூட் அவுட் என்று பெயர். அதில் இந்தியக் கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங்கின் தடுப்பாட்டம் கைகொடுக்க, இந்தியா 4-3 என வென்றது. அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 எனத் தோற்ற அதே அணி, அடுத்த ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 எனப் பின்தங்கியிருந்தும் 4-2 என மீண்டு வெண்கலம் பெற்றது. ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலான இறுதியாட்டம்கூட ஷூட் அவுட்டில்தான் தீர்ந்தது என்பதை நோக்கினால், இளம் கோல்கீப்பர்களின் மீது விழும் சுமை எத்தகையது என்பது விளங்கும்.

அந்தச் சுமையின் தன்மையைச் சற்று விளக்க வேண்டும். தரை ஹாக்கியின் கோல் 3.66 மீட்டர் அகலமும் 2.14 மீட்டர் உயரமும் உடையது. பெனால்டி கார்னர் என்னும் தண்டனை வாய்ப்பின்போது பந்தை மட்டையோடு இழுத்துச் சுழற்றி வீசும் டிராக் ஃபிளிக் அடி, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், ஏறத்தாழ 15 மீட்டர் தொலைவிலிருந்து, அரை நொடி அளவில் கோலை எட்டிவிடும். பந்து புறப்பட்ட பிறகு எங்கே பாய்வது என்று முடிவெடுக்க அவகாசம் கிடையாது. அடிப்பவரின் தோள், இடுப்பு, மட்டையின் சாய்வு ஆகியவற்றைக் கொண்டு பந்தின் போக்கை முன்கூட்டியே கணிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான அடிகளை ஆட்டச்சூழலில் பார்த்துப் பார்த்தே அக்கணிப்பு கைவரும். முன்கள வீரர் பத்து வாய்ப்புகளை வீணாக்கி ஒன்றைக் கோலாக்கினாலும் கொண்டாடப்படுகிறார். கோல்கீப்பரோ பத்தைத் தடுத்து ஒன்றை விட்டாலும் அந்த ஒன்றாலேயே மதிப்பிடப்படுகிறார். இளம் வயதில் பலர் இந்த இடத்தை விட்டு விலகுவதில் வியப்பில்லை.

இளையோர் உலகக் கோப்பையில் இந்திய அணிக்குப் பயிற்சியாளராக இருந்த பி.ஆர். ஸ்ரீஜேஷின் வாழ்க்கையே இதற்குத் தக்க சான்று. எர்ணாகுளம் மாவட்டத்தின் கிழக்கம்பலத்தில் 1988-இல் பிறந்து, பன்னிரண்டாம் வயதில் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்த அவருக்குக் காப்புக் கவசங்கள் வாங்குவதற்காக விவசாயியான தந்தை பசுமாட்டை விற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. 2006-இல் தேசிய அணிக்குள் வந்தவர், நிலையான இடம் பிடிக்க ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் காத்திருந்தார். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டின் இறுதியில் பாகிஸ்தானுக்கு எதிரான ஷூட் அவுட்டில் அணியைக் காத்தபோது அவருக்கு வயது 26. டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றபோது 33. 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில், பத்துப் பேரோடு போராடிய இந்தியா பிரிட்டனை ஷூட் அவுட்டில் வீழ்த்தியபோது 36. தொடக்கத்தில் அவர் கோல்களை விட்ட நாட்களிலேயே கைவிடப்பட்டிருந்தால் பின்னர் வந்த இந்தப் பதக்கங்கள் ஐயத்துக்குரியவையே.

காத்திருக்கும் அந்த ஆண்டுகளை வீணாக்காமல் ஆட்டங்களாக மாற்றிக் கொடுக்கும் அமைப்பை வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி நெடுங்காலமாகவே வைத்திருக்கிறது. என்.எச்.எல். எனப்படும் முதன்மைத் தொழில்முறை லீக்கில், பருவம் முழுவதும் ஆடிய பின் 16 அணிகள் ஸ்டான்லி கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளுக்குள் நுழையும். ஒவ்வொரு சுற்றிலும் இரு அணிகள் தமக்குள்ளேயே ஏழு ஆட்டங்கள் வரை மோதும். நான்கை முதலில் வெல்வது முன்னேறும். இப்படி நான்கு சுற்றுகள். இன்று ஐந்து கோல் விட்ட கோல்கீப்பர் நாளை மறுநாளே அதே எதிரணிக்கு முன் நின்றாக வேண்டியிருக்கும். என்.எச்.எல்.-க்கு அடுத்த படியாக ஏ.எச்.எல். என்னும் இரண்டாம் நிலை லீக் உண்டு. அதற்கும் கால்டர் கோப்பை என்ற பிளேஆஃப் உண்டு. இளம் கோல்கீப்பர்கள் அங்கேதான் அழுத்தத்துக்குப் பழகுகிறார்கள். பாட்ரிக் ராய் 1985-இல் ஷெர்ப்ரூக் அணிக்காகக் கால்டர் கோப்பையை வென்று, மறு ஆண்டே, இருபது வயதில், மாண்ட்ரியால் கனேடியன்ஸ் அணிக்காக ஸ்டான்லி கோப்பையையும் பிளேஆஃபின் சிறந்த வீரர் விருதையும் பெற்றார். அவரைப் போல இவ்வளவு விரைவாகப் பக்குவமடைவது அரிது என்பதால், செயின்ட் லூயிஸ் புளூஸ் அணியின் ஜோர்டன் பின்னிங்டனையே நம்பத்தக்க உதாரணமாகக் கொள்ளலாம். 2011-இல் அந்த அணியால் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், பல ஆண்டுகள் கீழ்நிலை லீக்குகளில் ஆடி, 2019 ஜனவரியில்தான் முதன்மை அணியில் தொடக்க கோல்கீப்பராக இறங்கினார். அவ்வாண்டு ஜூனில் அந்த அணி தன் வரலாற்றின் முதல் ஸ்டான்லி கோப்பையை வென்றது.

இந்தியாவில் இந்த இடைப்படி மெலிந்தே இருந்துவருகிறது. 2016-இல் லக்னோவில் இளையோர் உலகக் கோப்பையை இந்தியா வென்றபோது, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அரையிறுதி ஷூட் அவுட்டில் அணியைக் காப்பாற்றியவர் விகாஸ் தஹியா; ஆயினும் பிற்காலத்தில் மூத்தோர் அணியில் நிலைபெற்றவர், அப்போது இரண்டாம் கோல்கீப்பராக அமர்ந்திருந்த கிருஷன் பகதூர் பதக். பதினெட்டு, பத்தொன்பது வயதில் யார் பெரியவராவார் என்று எவராலும் அறுதியிட முடியாது என்பதை இது காட்டுகிறது. ஆகவே ஒருவரை மட்டும் பொறுக்கி எடுக்காமல் பலருக்கும் ஆட்டங்கள் கொடுப்பதே அறிவுடைமை. ஏழாண்டு இடைவெளிக்குப் பின் 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக் அந்தப் படியாக அமையலாம். ஆனால் அதில் பெரிய ஆட்டங்களின் கோல் அருகே பல நேரங்களில் அனுபவமுள்ள வெளிநாட்டவர் நிற்க, இந்திய இளைஞர்கள் வெளியே அமர்ந்திருக்கும் நிலை வருத்தத்துக்குரியது.

தமிழ்நாட்டிலிருந்து 1968 மெக்சிகோ ஒலிம்பிக் அணிக்குக் கோல்கீப்பராகச் சென்ற முனீர் சேட் போன்றோர் உண்டு. அண்மைக் காலத்தில் கோவில்பட்டி நல்ல வீரர்களைத் தந்துவருகிறது. கொள்ளிடத்துக்கு வடக்கேயுள்ள அரியலூர் மாவட்டத்தின் கார்த்தி செல்வம் கோவில்பட்டியில் பயின்றுதான் இந்திய அணிக்கு ஆடினார். அவரோ முன்கள வீரர். கோல்கீப்பர் உருவாகக் காவிரி டெல்டாவில் தடைகள் உள்ளன. அங்கே தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் பள்ளி மைதானங்கள் பெரும்பாலும் வண்டல் மண் தரைகள். கோடையில் இறுகி வெடித்தும், ஐப்பசி கார்த்திகை மழையில் சேறாகியும் போகும் அத்தரையில் பந்து தாறுமாறாகத் துள்ளுவதால், செயற்கைத் தளத்துக்குரிய தடுப்பாட்டத்தை ஒரு சிறுவன் அங்கே சரியாகக் கற்க இயலாது. தளத்தை விடப் பெரிய தடை போட்டி அமைப்பில் இருக்கிறது. குறுவட்டம் தொடங்கி மாவட்டம் வரை பள்ளிப் போட்டிகள் தோற்றால் வெளியேறும் முறையில் நடக்கும்போது, முதல் சுற்றில் தோற்ற பள்ளியின் கோல்கீப்பருக்கு அந்த ஆண்டில் கிடைப்பது ஒரே ஓர் ஆட்டம். குறுகிய கால நெல்லான குறுவைக்குரிய நாள்கணக்கை நீண்ட காலச் சம்பாவுக்குப் பொருத்தி அறுக்கப் போனால் என்ன கிடைக்குமோ, அதுவே இந்தச் சிறுவர்களிடமும் கிடைக்கும்.

இதை மாற்றப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. மாவட்ட அளவில் நான்கைந்து பள்ளிகள் தமக்குள் எல்லோரும் எல்லோருடனும் மோதும் லீக் முறையில் ஆடினாலே ஒவ்வொரு கோல்கீப்பருக்கும் ஆட்டங்கள் பெருகும். அதன் முடிவில் நாக் அவுட் ஆட்டங்களையும் ஷூட் அவுட்டையும் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் அணியிலும் இரண்டு கோல்கீப்பர்களைப் பாதிப்பாதி நேரம் ஆடவிட உடற்கல்வி ஆசிரியர்கள் முன்வர வேண்டும். கோப்பைக்கும் பந்தலுக்கும் நன்கொடை தரும் டெல்டாவின் வணிகர்களும் முன்னாள் மாணவர்களும், தங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஹெல்மெட், நெஞ்சுக்காப்பு, கால் பேட், கிக்கர், கையுறை அடங்கிய ஒரு முழுக் கவசத் தொகுதியை இந்த ஆண்டு வாங்கிக் கொடுக்க வேண்டும். எந்தத் தந்தையும் அதற்காக மாட்டை விற்கும் நிலை இனி வரக்கூடாது.