நீரைக் காய்ச்ச எவ்வளவு விறகு?

சிற்றூர்ப் பெண்டிர் தலைச்சுமையாகக் கொண்டுவரும் விறகில் ஒரு சிறு பகுதியே வெந்நீரைத் தருகிறது. எஞ்சியது புகையாகவும் வீண் அனலாகவும் போய்விடுகிறது. இந்த இழப்பு எவ்வளவு என்பதை அறிய உயர்கணிதம் வேண்டியதில்லை. பெருக்கலும் வகுத்தலும் போதும்.

ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு செல்சியஸ் டிகிரி உயர்த்த ஒரு கிலோகலோரி வெப்பம் தேவை. ஆகவே, நீரின் அளவை வெப்பநிலை உயர்வால் பெருக்கினால் தேவையான வெப்பம் கிடைக்கும். ஒரு பள்ளி விடுதியில் நாள்தோறும் 20 லிட்டர் குடிநீரை 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் காய்ச்சுவதாகக் கொள்வோம். 20 × 75 = 1,500 கிலோகலோரி.

உலர்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 3,500 கிலோகலோரி வெப்பம் வெளிப்படும். இக்கணக்கின்படி 430 கிராம் விறகே போதும். ஆனால் அடுப்படியில் பழகியவர் எவரும் இதனை நம்பார். மூன்று கல் அடுப்பில், எழும் வெப்பத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேர்கிறது. எனவே உண்மையில் வேண்டுவது 4.3 கிலோ. நன்கு அமைந்த புகையில்லா அடுப்பு நூற்றுக்கு 25 பங்கு வெப்பத்தைப் பயன்படுத்துமாயின் 1.7 கிலோ போதும். நாளொன்றுக்கு 2.6 கிலோ மிச்சம். முப்பது நாளில் 78 கிலோ. ஒரு சுமை 20 கிலோ எனில், மாதத்திற்கு ஏறக்குறைய நான்கு சுமை குறைகிறது. சமையல் எரிவாயுவில் இதே பணிக்குச் சுமார் 230 கிராம் செலவாகும்.

விறகின் ஈரமும் கணக்கில் சேரும். எடையில் நூற்றுக்கு 40 பங்கு ஈரமுள்ள பச்சை விறகு, அந்த ஈரத்தை ஆவியாக்கவும் வெப்பத்தைச் செலவிடும். கிலோவுக்குச் சுமார் 2,300 கிலோகலோரியே தரும். புகையும் மிகும். விறகைப் பிளந்து வெயிலில் உலர்த்துவது செலவில்லாத சிக்கனம்.

கொதித்த நீரை மேலும் கொதிக்க விடுவது பெரிய விரயம். ஒரு லிட்டர் கொதிநீர் ஆவியாக 540 கிலோகலோரி வேண்டும். அவ்வெப்பத்தைக் கொண்டு 25 டிகிரியிலுள்ள ஏழு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொணரலாம். ஆகையால் பாத்திரத்தை மூடி வைத்தல் வேண்டும். நன்கு கொதித்ததும் தீயைத் தணித்தல் வேண்டும். கடல்மட்டத்திற்கு மேல் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் நீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதிக்கிறது; ஆங்கு 100-க்குப் பதிலாக 88 எனக் கொள்க. நோய்க்கிருமிகளை அழிக்க அவ்வெப்பமும் போதுமானதே.

ஆசிரியர்கள் இதனை மாணவரைக் கொண்டே சோதிக்கலாம். எடை பார்த்த விறகால் 5 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குக் காய்ச்சுக. நீர் பெற்றது 350 கிலோகலோரி. எஞ்சிய விறகைக் கழித்தபின், எரிந்தது ஒரு கிலோ எனில் அடுப்பின் திறன் நூற்றுக்குப் பத்து. அதே விறகையும் அதே பாத்திரத்தையும் கொண்டு புகையில்லா அடுப்பிலும் சோதித்து, இரு விடைகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதுக. களப்பணியாளர் ஊரில் ஆற்றும் சொற்பொழிவினும், அவ்விரு எண்கள் இல்லத்தாருக்குத் தெளிவாகப் பேசும்.