பகு எண் எனத் தெரியும், காரணிகள் தெரியாது: இணையப் பூட்டின் கணிதம்

147573952589676412927. இருபத்தோரு இலக்கங்கள் கொண்ட இந்த எண், 67 இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் கிடைப்பது. இது பகா எண் என 1644-இல் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் அறிவித்தார். அது தவறு என்று 1876-இல் எதுவார் லூகாஸ் நிரூபித்தார். ஆயினும், அந்த எண்ணை வகுக்கும் காரணிகள் எவை என்பது அவருக்கும் தெரியவில்லை. 1903-இல்தான் அமெரிக்கக் கணிதவியலாளர் பிராங்க் நெல்சன் கோல் அவற்றை வெளியிட்டார்: 193707721, 761838257287.

வகுக்காமலே விடை

காரணிகளைக் காணாமல் ஓர் எண்ணைப் பகு எண் எனக் கூறுவது எப்படி? லூகாஸின் முறையைப் பின்னர் லெமர் எளிமையாக்கினார். ஐந்து இரண்டுகளின் பெருக்கலில் 1-ஐக் கழித்தால் வரும் 31-ஐ எடுத்துக்கொள்வோம். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்தால் 14. மீண்டும் அவ்வாறே செய்தால் 194. அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8. அதன் வர்க்கத்தில் 2 குறைந்தால் 62. இது 31-ஆல் மீதியின்றி வகுபடுகிறது; எனவே 31 பகா எண். ஐந்துக்கு மூன்று படிகள் போல, 67-க்கு 65 படிகள். முடிவில் மீதி வந்தால் அது பகு எண். ஆனால் அந்த மீதி காரணிகளைக் காட்டிக்கொடுக்காது.

கான்பூரின் பங்களிப்பு

இம்முறை குறிப்பிட்ட வகை எண்களுக்கே பொருந்தும். எந்த எண்ணுக்கும் விரைவாகவும், நிகழ்தகவையோ நிரூபிக்கப்படாத ஊகத்தையோ சாராமலும் விடை தரும் முதல் வழிமுறையை 2002-இல் கான்பூர் ஐஐடி பேராசிரியர் மணீந்திர அகர்வால், மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் கண்டறிந்தனர். ‘ஏகேஎஸ்’ எனப்படும் இதற்கு 2006-இல் கோடல் பரிசு வழங்கப்பட்டது. நடைமுறையில் இதைவிட வேகமான நிகழ்தகவுச் சோதனைகளே பயன்படுகின்றன.

ஏன் இது முக்கியம்?

பகா எண்ணா எனச் சோதிப்பது எளிது. காரணிகளைப் பிரிப்பது கடினம். இந்த இடைவெளியே ஆர்எஸ்ஏ குறியாக்கத்தின் அடித்தளம். இரு பெரிய பகா எண்களின் பெருக்கற்பலன் அனைவருக்கும் தெரியும். அந்த இரு எண்கள் உரியவரிடம் மட்டுமே இருக்கும். இன்று பரவலாக உள்ள ஆர்எஸ்ஏ எண்களுக்கு 617 இலக்கங்கள். 2020-இல் 250 இலக்க எண் ஒன்று காரணிப்படுத்தப்பட்டது. அப்பணியை ஒற்றை பிராசசர் கோரில் செய்திருந்தால் ஏறத்தாழ 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும்.

எனினும், காரணிப்படுத்தல் கடினம் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. போதிய திறனுள்ள குவாண்டம் கணினி உருவானால் அதை விரைவாகச் செய்யலாம் என 1994-இலேயே பீட்டர் ஷோர் காட்டினார். அத்தகைய கணினி இன்னும் உருவாகவில்லை. ஆயினும், அதற்கும் ஈடுகொடுக்கும் குறியாக்கத் தரநிலைகளை அமெரிக்கா 2024-இல் வெளியிட்டது. குவாண்டம் கணினி, பாதுகாப்பான தகவல் தொடர்பு ஆகியவற்றுக்கான இந்தியாவின் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 2023-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.