'பாஸ் அப்' செய்தால் ஒப்படைத்ததா, கைவிட்டதா?

செராஸ் – "டீச்சர், வீட்டுப்பாடத்த பாஸ் அப் பண்ணிட்டேன்." தாமான் மிடா, தாமான் கனாட் அடுக்குமாடி வீடுகளில் மட்டுமல்ல, கிள்ளான், பந்திங் தோட்டப்புறப் பிள்ளைகளின் வாயிலும் அன்றாடம் புழங்கும் வாக்கியம் இது. நம் நாட்டில் இதன் பொருளில் யாருக்கும் குழப்பமில்லை. நோட்டுப் புத்தகம் ஆசிரியர் கைக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

இதையே லண்டனிலோ மெல்பர்னிலோ உள்ள ஒருவர் கேட்டால் வேறு விதமாக எடுத்துக்கொள்வார். அவருக்கு 'பாஸ் அப்' என்றால் கைக்கு வந்ததை வேண்டாம் என்று விடுவது. நல்ல வேலை ஒன்று வந்தது, வேண்டாமென்று விட்டேன் என்று சொல்லும் இடத்தில் வரும் சொல் அது. ஒப்படைப்பதும் கைவிடுவதும் நேரெதிர். ஆனால் இரண்டுக்கும் ஒரே தொடர்!

இந்த வழக்கு மலேசியா, சிங்கப்பூர் ஆங்கிலத்துக்கே உரியது. வகுப்பில் பின்வரிசைப் பிள்ளைகள் புத்தகங்களைக் கைமாற்றி முன்னே அனுப்புவதைப் பார்த்தால், இது எப்படிப் பிறந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. மலாய் மொழியில் கடிதம் அனுப்புவதற்கும் வீட்டுப்பாடம் ஒப்படைப்பதற்கும் 'ஹந்தார்' என்ற ஒரே சொல்லே போதும். ஆங்கிலம் அப்படி விட்டுவைப்பதில்லை.

'பாஸ்' என்ற வினைக்குப் பின்னால் ஒட்டும் சின்னச் சொல்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. 'பாஸ் அவே' என்றால் இறப்பு. 'பாஸ் ஆன்' என்றால் தகவலை அடுத்தவருக்குச் சொல்வது. ஆனால் அதுவும் சில இடங்களில் இறப்பையே குறிக்கும். பதவி உயர்வில் ஒருவரை ஒதுக்கிவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்தால் 'பாஸ் ஓவர்'.

'பாஸ் அவுட்' இன்னும் வேடிக்கை. பொதுவாக இதற்கு மயங்கி விழுவது என்று பொருள், மலாயில் சொன்னால் 'பெங்சான்'. போலீஸ், ராணுவப் பயிற்சியை முடித்து வெளியேறுவதும் 'பாஸ் அவுட்'தான். தாள்களை வரிசையாக விநியோகிப்பதற்கும் அதே தொடர். இந்தியாவிலோ கல்லூரிப் படிப்பை முடிப்பதற்கு இதைச் சொல்வார்கள். சென்னை உறவினர் "2015-ல் பாஸ் அவுட் ஆனேன்" என்றால், நம்மவர் "ஐயோ, எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்?" என்று கேட்கக்கூடும்.

ஆங்கிலம் மட்டும்தான் இப்படிப் படுத்துகிறது என்று சொல்லிவிட முடியாது. நம் 'தவறு' என்ற வினையைப் பாருங்கள். வாய்ப்பு தவறியது என்றால் நழுவியது, தேர்வில் தவறினான் என்றால் தோல்வி, தாத்தா தவறிவிட்டார் என்றால் மரணம். வாய்ப்பை விடுவதும் உயிர் போவதும் அங்கே 'பாஸ்', இங்கே 'தவறு'. தேர்வில் மட்டும் இரண்டும் எதிரெதிராக நிற்கின்றன. இவற்றை நாம் யாரும் பட்டியல் போட்டுப் படிக்கவில்லை. வீட்டுப் பேச்சில் வந்து ஒட்டிக்கொண்டவை. ஆங்கிலம் வீட்டில் புழங்காத தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. பள்ளியில் கேட்ட 'பாஸ் அப்'பையே அது சரியென்று நம்பும். அதைக் குறை சொல்லவும் முடியாது.

சிக்கல் பள்ளிக்கு வெளியேதான் வருகிறது. வெளிநாட்டு நிறுவனத்தில் சேர்ந்த இளைஞர், அறிக்கையை 'பாஸ் அப்' செய்துவிட்டேன் என்று மின்னஞ்சல் எழுதினால், மேலதிகாரி அந்த வேலையை அவர் மறுத்துவிட்டதாக நினைக்கலாம். எஸ்பிஎம் ஆங்கிலப் பாடத்தில் (1119) எழுத்துத் தாளோடு பேச்சுத் தேர்வும் உண்டு. அங்கேயும் பொது ஆங்கிலமே பாதுகாப்பு.

மாற்றுச் சொல் கடினமல்ல. ஒப்படைப்பதற்கு 'ஹேண்ட் இன்', அலுவலகக் கடிதமென்றால் 'சப்மிட்'. கையில் இருப்பதைக் கொடுப்பதால் 'ஹேண்ட்' என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால் மறக்காது. ஆசிரியர் வகுப்பில் தாள் கொடுப்பது மட்டும் 'ஹேண்ட் அவுட்'. நாளைக்கு வகுப்பில் ஆசிரியரே "பாஸ் அப் யுவர் புக்ஸ்" என்று சொன்னால், பிள்ளை திருத்தப் போக வேண்டாம். புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வரட்டும்.