தட்டில் கொழும்பு – 11: சோறு இல்லாத பார்சல்

தெமட்டகொடையைத் தாண்டி பேஸ்லைன் வீதியில் களனிப் பாலத்தை நோக்கிப் போகிறவர்களுக்கு ஒருகொடவத்தைச் சந்தி என்றால் நெரிசல்தான் ஞாபகம் வரும். சுங்கத் திணைக்களத்தின் கொன்டெய்னர் யார்ட் அங்கே இருப்பதால் நாற்பதடி ட்ரெய்லர்கள் நாள் முழுக்க வரிசையில் நிற்கும். அந்த வரிசையை நம்பிப் பிழைக்கிறவர்கள் ஏராளம்: சாரதிகள், கிளீனர்மார், நாட்டாமிகள், கோப்புகளோடு மேசை மேசையாக அலையும் வாஃப் கிளார்க்மார். பகல் பன்னிரண்டரை ஆனால் இவர்கள் அத்தனை பேர் கையிலும் ஒரு சோற்றுப் பார்சல் இருக்கும்.

பார்சல் கட்டுவதை நின்று பாருங்கள். லன்ச் ஷீட்டை விரித்து, பெரிய கோப்பையால் சோற்றை அள்ளிக் கவிழ்ப்பார்கள். அதன்மேல் பருப்பு. ஒரு பக்கம் கத்தரிக்காயோ போஞ்சியோ, மறுபக்கம் இரண்டு விரலால் எடுத்த அளவுக்குக் கீரைச் சுண்டல். உச்சியில் ஒரு துண்டு மீன், நொறுங்கின அப்பளம். தாராளமாகக் கட்டும் கடையில் சோறு மட்டும் அரைக் கிலோவுக்குக் கிட்ட இருக்கும். நூறு கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாச்சத்து. ஆக ஒரு நேரப் பார்சலின் சோற்றில் மட்டும் 140 கிராமுக்குக் கிட்ட. காலையில் தின்ற பணிஸும் சீனி போட்டுக் குடித்த தேத்தண்ணியும் இந்தக் கணக்கில் இல்லை.

கீட்டோ உணவுமுறையில் ஒரு முழு நாளுக்கு அனுமதிக்கும் மாச்சத்தே 20 முதல் 50 கிராம் வரைதான். போன வாரம் பாண் பற்றி எழுதியதும் பலர் கேட்டிருந்தார்கள்: "கீட்டோ செய்தால் சீனி வருத்தம் போகுமா? எடை குறையுமா?" பதிலை ஒருகொடவத்தையிலிருந்தே சொல்லலாம்.

எனக்குத் தெரிந்த வாஃப் கிளார்க் ஒருவர், கொட்டாஞ்சேனைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், கீட்டோவில் இறங்கினார். வாட்ஸ்அப்பில் வந்த பட்டியல்தான் வழிகாட்டி. யார்ட்டுக்குப் பக்கத்துக் கடையில் அவர் கேட்டது இதுதான்: "மகள், சோறு வேணாம். மீனும் கீரையும் மட்டும் கட்டுங்க."

"அப்ப அதை எதோட சாப்பிடுவீங்க அங்கிள்?"

அந்தப் பிள்ளை நக்கலாகக் கேட்கவில்லை. நம் கறி எல்லாமே சோற்றுக்கென்று உப்பும் உறைப்பும் கூட்டிச் சமைத்தது. தனியாகத் தின்ன நாக்கு ஒத்துழைக்காது. சோறு இல்லாததற்குக் காசு குறையவும் இல்லை. கூடுதலாகக் கேட்ட மீன் துண்டுக்குத் தனிக் காசு. சோற்றை விட்டால் செலவு ஏறும் என்பது முதல் நாளே அவருக்கு விளங்கிவிட்டது.

உடம்பில் நடப்பது இவ்வளவுதான். மாச்சத்து வராவிட்டால் ஈரலும் தசையும் சேமித்து வைத்த கிளைக்கோஜன் சில நாளில் பெருமளவு குறையும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் அந்தத் தண்ணீரும் வெளியேறும். முதல் வாரத்தில் தராசு காட்டும் இரண்டு மூன்று கிலோவில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர். அதைக் கொழுப்பு என்று நம்பித்தான் சனம் ஃபேஸ்புக்கில் படம் போடுகிறது. அதற்குப் பிறகு ஈரல் கொழுப்பை உடைத்து கீட்டோன் என்ற பொருளைச் செய்து மூளைக்கும் தசைக்கும் அனுப்பும். அதில் ஒரு வகை அசிட்டோன். வாயில் வரும் ஒருவித மணம் அதனுடையது. தண்ணீரோடு உப்பும் போவதால் தலையிடி, களைப்பு, தசைப்பிடிப்பு வரும். வெயிலில் யார்ட்டில் நிற்கிறவருக்கு அது இரட்டிப்பு.

கீட்டோ எடை குறைக்கக் கண்டுபிடித்த முறை அல்ல. பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்பது பழைய அவதானம். பட்டினி போடாமலே அதே நிலையை உணவால் கொண்டுவரலாம் என்று 1921இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் ரஸல் வைல்டர் என்ற மருத்துவர் முன்வைத்தார். கீட்டோஜெனிக் என்ற பெயரும் அவர் வைத்ததே. வலிப்பு வரும் பிள்ளைகளுக்கு ஒரு கிராம் பிசகாமல் நிறுத்துக் கொடுத்த வைத்தியம் அது. புரதமும் மாச்சத்தும் சேர்ந்து ஒரு பங்கு என்றால் கொழுப்பு நான்கு பங்கு. 1938இல் ஃபெனிட்டோயின் மாத்திரை வந்ததும் முறை பின்னுக்குப் போனது. மாத்திரைக்கு அடங்காத வலிப்புக்கு இன்றும் உலகெங்கும் கொடுக்கிறார்கள், மருத்துவரும் உணவியலாளரும் பக்கத்தில் இருக்க. 1972இல் ரொபர்ட் அட்கின்ஸ் எழுதிய புத்தகம் மாச்சத்தைக் குறைப்பதை எடை குறைப்போரின் பேச்சாக்கியது. தராசும் மருத்துவரும் அந்த வழியில் எங்கோ கழன்று விழுந்தார்கள்.

தமிழில் இதன் உறவுக்காரர் பேலியோ. அமெரிக்காவில் இருந்து எழுதிய நியாண்டர் செல்வன் 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' என்ற ஃபேஸ்புக் குழுவாலும் 'பேலியோ டயட்' என்ற நூலாலும் தமிழ் மத்தியதர வீடுகளுக்குள் அதைக் கொண்டுவந்தார். காலையில் நூறு பாதாம் என்பது அந்தக் குழுவின் அடையாளம் போலவே ஆகிவிட்டது. வெள்ளவத்தைக்கும் அது வந்தது. நூறு பாதாம் ஏறக்குறைய 120 கிராம். அதை மாதக் கணக்கில் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு வாங்க காலி வீதியில் சொந்தக் கட்டடம் வைத்திருக்க வேண்டும். மாச்சத்தைக் குறைக்கச் சொன்னது பிழையே இல்லை. சோற்றையும் சீனியையும் பற்றித் தமிழ்ச் சனத்தை யோசிக்க வைத்த நன்மை அவர்களைச் சேரும். வசதியுள்ளவரின் சமையலறையை எல்லாருடையதுமாக நினைத்ததுதான் குறை.

ஒருகொடவத்தையில் கணக்கு வேறு. 2023இல் முட்டைக்கு இந்தியாவைப் பார்த்து நின்ற நாடு இது. 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் இருநூறு ரூபாய்க்கு மேல் போனது. ஏழையின் புரதம் பருப்பு. கீட்டோ பருப்பையும் தள்ளச் சொல்கிறது. வெள்ளிக்கிழமை மரக்கறி என்று இருக்கும் வீட்டில் பருப்பும் கிழங்கும் போனால் மிஞ்சுவது கீரையும் தேங்காயும். கிராண்ட்பாஸ் பக்கத்து நண்பர் வீட்டுக் கலியாணத்தில் ஆறு பேர் சுற்றி உட்காரும் சஹன் தட்டில் ஒருவர் மட்டும் புரியாணிச் சோற்றை ஒதுக்கி இறைச்சியைப் பொறுக்கினால் மற்ற ஐந்து பேரும் என்ன நினைப்பார்கள்? 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கியபோது உதவியாக வந்தவையும் சோற்றுப் பார்சலும் அரிசியும் பருப்பும் சீனியும்தான். கீட்டோ நூல்களில் வெள்ளத்துக்கு அத்தியாயம் இல்லை.

ஆனால் எங்கள் வாஃப் கிளார்க்கை நிறுத்தியது காசு அல்ல. அவர் சீனிக்கு மெட்போமினோடு கிளிக்கிளசைட்டும் குடிக்கிறவர். கிளிக்கிளசைட் கணையத்தை நெருக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் சோறு சாப்பிட்டீர்களா என்று அது பார்ப்பதில்லை. சோற்றை அடியோடு விட்டு மாத்திரையைப் பழைய அளவிலேயே குடித்தார். ஒரு வார நாளில், கொன்டெய்னர் பரிசோதனைக்குக் காத்திருந்த நேரத்தில், சட்டை நனைய வியர்த்து, கை நடுங்கி, கையெழுத்துப் போட முடியாமல் குந்திவிட்டார். விஷயம் தெரிந்த சாரதி ஒருவர் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணியைக் குடிக்க வைத்ததால் தப்பினார். இன்சுலின் ஊசி போடுகிறவருக்கும் இதே ஆபத்து.

இன்னொரு மாத்திரை வகை இருக்கிறது: எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்று 'கிளிஃப்ளோசின்' என முடியும் பெயர்கள். சிறுநீர் வழியாகச் சீனியை வெளியேற்றுபவை. இவற்றைக் குடித்துக்கொண்டு மாச்சத்தையும் நிறுத்தினால் கீட்டோன் எல்லை மீறி இரத்தம் அமிலமாகலாம். சாதாரண கீட்டோவில் இரத்தத்தில் கீட்டோன் லீட்டருக்கு 0.5 முதல் 3 மில்லிமோல் வரை நிற்கும். அந்த ஆபத்து நிலையில் அதைத் தாண்டி ஏறும். சீனி அளவு பெரிதாக ஏறாமலே இது நடக்கக்கூடும் என்பதால் விரலில் குத்திப் பார்க்கிறவரும் ஏமாறுவார். இந்த மாத்திரைகளால் வரக்கூடிய அமில நிலை பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2015 மே மாதமே எச்சரித்தது.

அப்படியென்றால் கீட்டோ பொய்யா? இல்லை. முதல் சில மாதங்களில் பலருக்குப் பசி அடங்குகிறது, சீனி இறங்குகிறது, எடையும் குறைகிறது. சிலருக்குக் கெட்ட கொலஸ்ட்ரோல் ஏறுகிறது. பட்டரையும் தேங்காயெண்ணெயையும் அளவில்லாமல் ஊற்றினால் ஏறத்தான் செய்யும். ஆனால் வருடக் கணக்கில் மற்ற முறைகளை அது வெல்வதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மாச்சத்தையும் மறு பாதிக்குக் கொழுப்பையும் குறைத்தது. 2018இல் வந்த முடிவின்படி ஒரு வருடத்தில் இரு பக்கமும் சராசரியாக ஐந்தாறு கிலோ குறைந்தது. சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அது முழுக் கீட்டோ அல்ல என்று ஆட்சேபிக்கலாம். முழுக் கீட்டோவை ஒரு வருடம் விடாமல் பிடிப்பவர் எத்தனை பேர் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

நமக்குக் கிட்டிய ஆய்வு ஒன்று சென்னையில் இருந்து வந்தது. இந்தியாவெங்கும் 18,090 பேரின் உணவை அலசி 2022இல் வெளியிட்ட கணிப்பு, புதிதாக நீரிழிவு கண்டவர்கள் மாச்சத்தை மொத்தச் சக்தியில் 49 முதல் 54 சதவீதமாகக் குறைத்து, புரதத்தைக் கூட்டினால் நோய் தணியும் வாய்ப்பு உண்டு என்கிறது. பாதிக்குப் பாதி, அவ்வளவுதான். சோற்றை ஒழிக்கத் தேவையில்லை. கோப்பையைச் சிறிதாக்கினால் போதும்.

எங்கள் வாஃப் கிளார்க் இப்போது அதைத்தான் செய்கிறார். பார்சலில் சோறு கால்வாசி, கீரைச் சுண்டல் மூன்று மடங்கு, மீன் இரண்டு துண்டு, பிளேன்டியில் சீனி இல்லை. கிளினிக்கில் மாத்திரை அளவைக் குறைத்திருக்கிறார்கள். பெல்ட்டில் இரண்டு துளை உள்ளே போயிருக்கிறது. கீட்டோ அல்ல இது. அவருக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

கர்ப்பிணிகள், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள், இன்சுலினை மட்டுமே நம்பி வாழும் முதலாம் வகை நீரிழிவுக்காரர்கள் கீட்டோவைத் தாங்களாகத் தொடவே கூடாது. மற்றவர்களில் சீனிக்கோ பிறெசருக்கோ மருந்து எடுப்பவர்கள், சோற்றைக் குறைக்கும் முன்பு கிளினிக் புத்தகத்தையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டி, எதைக் குறைக்க வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

(தொடரும்)
அடுத்த வாரம்: தேங்காய்ப்பால் சொதி – குற்றவாளியா, சாட்சியா?