வாசனை இல்லாத சோப்பு

நான் பத்தாவது வரை படித்த இல்லத்தரசி. வயது 36. என் அனுபவம் நாலு பேருக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2023-ல் என் மாமியாருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து, 21 நாளைக்கு ஒரு முறை கீமோ மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டும், வாந்தி வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் தோல் அப்படி ஆகும் என்று நாங்கள் நினைக்கவில்லை. கை, கால் எல்லாம் வறண்டு செதில் செதிலாக உரிந்தது. வழக்கமான சோப்பைப் போட்டால், "எரியுதும்மா" என்பார். அதைவிட அந்த வாசனை! சோப்பு டப்பாவைத் திறந்தாலே குமட்டல். விடிவதற்குள் குளித்து, வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர், "இன்னைக்குக் குளிக்கலைன்னா என்ன?" என்று கேட்க ஆரம்பித்தார். எனக்கு மனசே ஆறவில்லை.

பாசிப்பயறு மாவு தேய்த்துப் பார்த்தேன். மாவு உராய்ந்து, தோல் சிவந்துவிட்டது. ஆஸ்பத்திரி நர்சம்மா கோபித்துக்கொண்டார். "எதையும் போட்டுத் தேய்க்கக் கூடாது. வாசனை இல்லாத சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர் போதும். துண்டால் துடைக்காமல் ஒற்றி எடுங்க" என்றார். மருந்துக் கடையில் அப்படி ஒரு சோப்பு வாங்கினோம். விலைதான் கட்டுப்படியாகவில்லை.

மகளிர் குழுவில் சோப்பு செய்யப் பழகியிருந்தேன். அந்தத் தைரியத்தில் டம்ளர் கணக்கில் அளந்து செய்தேன். முதலில் என் கையில் போட்டுப் பார்த்தது நல்லதாயிற்று. கை சுரீர் என்றது! அந்தச் சோப்பெல்லாம் பாத்ரூம் தரை கழுவத்தான் ஆனது. எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் கிராம் கணக்கில் நிறுத்துத்தான் போட வேண்டும் என்று அப்புறம்தான் புரிந்தது.

அடுத்த முறை ஆலிவ் எண்ணெய் 350 கிராம், தேங்காய் எண்ணெய் 150 கிராம், தண்ணீர் 150 கிராம், காஸ்டிக் சோடா 68 கிராம் எடுத்தேன். எல்லாம் டிஜிட்டல் தராசில் நிறுத்ததுதான். தேங்காய் எண்ணெய் கூடினால் நுரை வரும், தோலை வறட்டும். சோடா கொஞ்சம் குறைவாக இருப்பதால் சிறிது எண்ணெய் மிஞ்சி நிற்கும். அதுதான் மென்மை. அடைப்பு எடுக்க விற்கும் சோடா வேண்டாம். சோப்பு செய்வதற்கென்று விற்கும் சுத்தமானதை வாங்குங்கள்.

கையுறை, கண்ணாடி போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு ஆரம்பியுங்கள். எவர்சில்வர் பாத்திரம்தான், அலுமினியம் கூடவே கூடாது. சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். கையில் பட்டால் உடனே குழாயடியில் காட்டி நன்றாகக் கழுவுங்கள். கொதிக்கக் கொதிக்க இருக்கும் சோடாத் தண்ணீர் வெதுவெதுப்பாக ஆறியதும், அதே சூட்டிலுள்ள எண்ணெயில் ஊற்றிக் கலக்குங்கள். தோசை மாவு பதம் வந்ததும் பட்டர் பேப்பர் விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து வெட்டினால் எட்டுக் கட்டி வரும். காற்றாட ஆறு வாரம் காயவிட வேண்டும். அதுவரை அத்தைக்குக் கடைச் சோப்புதான்.

பக்கத்து வீட்டு அக்கா, "மஞ்சள், வேப்பிலை சேர்க்கக் கூடாதா?" என்றார். சிகிச்சையில் இருக்கிற உடம்பு, எதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

காய்ந்த கட்டியை முதலில் நான் ஒரு வாரம் போட்டுப் பார்த்தேன். பிறகு டாக்டரிடம் காட்டினோம். "எந்தச் சோப்பிலும் கொஞ்சம் காரம் இருக்கும். கை காலுக்குப் போடுங்க, குளித்ததும் கிரீம் தடவுங்க. புண், கொப்புளம் இருந்தால் வேண்டாம். ரேடியேஷன் கொடுக்கிற இடத்தில் எங்களைக் கேட்காமல் எதுவும் போடாதீங்க, அங்கே போட்ட மைக்கோட்டையும் அழிக்காதீங்க" என்றார்.

முதல் நாள் குளித்துவிட்டு வந்த அத்தை கையை முகர்ந்து பார்த்து, "வாசனையே இல்லை, நிம்மதியா இருக்கு" என்றார். மறுநாள் விடியற்காலையில் பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், "ஏம்மா, கோலமாவு டப்பாவை எங்கே வச்சே?" என்று குரல் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சகோதரிகளே, சோப்பு நோயைத் தீர்க்காது. ஆனால் நோயாளி முகம் சுளிக்காமல் குளிக்க முடிந்தால் அதுவே பெரிய ஆறுதல். டாக்டரைக் கேட்காமல் மட்டும் எதையும் செய்துவிடாதீர்கள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.