அலாரத்தின் சாவி யார் கையில்?

நம் தம்புள்ளையில் 2025 ஏப்ரலில் 5,000 மெட்ரிக் தொன் கொள்ளும் குளிர்களஞ்சியம் இந்திய உதவியுடன் திறக்கப்பட்டது. சொந்தமாகக் குளிர் அறை போடும் வியாபாரிகளும், புகை, வெப்ப அலாரங்களைக் கைத்தொலைபேசியில் இணைக்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். இணைக்கலாம், வசதிதான். ஆனால் சவூதியில் நடந்ததையும் அறிந்துகொள்ளுங்கள்.

2017 ஆகஸ்டில் அங்கே ஒரு பெற்றோலிய இரசாயன ஆலை திடீரென நின்றது. அமுக்கமோ வெப்பமோ எல்லை மீறினால் ஆலையை நிறுத்துவதற்கென்றே வைத்திருந்த ட்ரைகொனெக்ஸ் என்னும் பாதுகாப்புக் கருவிக்குள்ளேயே, வலையமைப்பு வழியாக 'ட்ரைட்டன்' என்ற நாசகார மென்பொருளைப் புகுத்தியிருந்தார்கள். அவர்கள் வேலையில் ஏற்பட்ட கோளாறால் கருவி ஆலையை நிறுத்திவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், உயிர்ச்சேதம் இல்லை. 2021 இல் ரஷ்ய அரச ஆய்வு நிறுவன ஊழியர் ஒருவர் மீது அமெரிக்கா வழக்குத் தொடுத்தது.

அக்கருவியில் ஒரு சாவி உண்டு. 'இயக்கம்' பக்கம் திருப்பி வைக்க வேண்டியதை 'புரோகிராம்' பக்கமே விட்டிருந்தார்கள். கோடிக்கணக்கில் செலவழித்த ஆலையிலேயே இந்தக் கவலையீனம்!

ஆகவே அலாரம் பொருத்துபவரிடம், இணையம் அறுந்தாலும் அது தானாகவே ஒலிக்குமா என்று கேளுங்கள். துண்டித்துக் காட்டச் சொல்லுங்கள். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபையில் அதை இணைக்க விடாதீர்கள். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை உங்கள் கையாலேயே மாற்றிய பிறகு அவருடைய கணக்கைத் தீருங்கள்.